அன்பின் இயல்பும் புதிய ஆராய்ச்சியும்

மக்கள் உள்ளத்து எழும் உணர்ச்சிகளையும், அவற்றால் ஒருவரோடொருவர் பிணிப்புறும் உறவு முறைகளையும், குழவிப் பருவந் தொடங்கி முதுமை யீறாக அவை வளர்ந்தும் திரிந்தும் செல்லும் நெறியினையும் ஆராய்தல் மேனாட்டு உளவியலார்க்கும் மானிடவியலார்க்கும் இன்று ஒரு தனித்துறையாக அமைந்துள்ளது. தமிழ் மக்கட்கு இத்துறை முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, நகை முதல் உவகை யீறாக எட்டு மெய்ப்பாடுகளையும், அவை ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நந்நான்கு நிலைக்களங்களையும் கூறினர். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வைத்துப் பாடின. சித்தாந்த சாத்திரங்கள் உயிரறிவு கருவிகளொடு கூடியும் நீங்கியும் நிற்கும் நிலைகளை நுணுகி ஆராய்ந்தன. ஆகலின், அயல்நாட்டு அறிஞர் ஒருவர் தமிழ்க் குடும்பமொன்றினுட் புகுந்து, அன்பு என்னும் சொல்லையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு நூல் செய்தாராயின், அதனை வாளா வியத்தலும் வாளா வெறுத்தலும் ஒழித்து, கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் பிரித்துக் காண்டல் தமிழறிஞர்க்குக் கடனாம்.

அத்தகைய நூலொன்று அமெரிக்க மானிடவியலாராகிய மார்கரெட் டிராவிக் அம்மையாரால் ஆங்கிலத்தில் இயற்றப்பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரால் 1990-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. 'ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு பற்றிய குறிப்புகள்' என்பது அதன் பெயர்ப் பொருள். நூல் தோன்றிய வரலாறு சைவர்க்குக் கருதத்தக்கது. அம்மையார் மாணிக்கவாசகர் அருளிய திருக்கோவையாரைக் கற்க விரும்பித் தமிழாசிரியர் ஒருவரை அடைந்தார். பாடங் கேட்கப் புகுந்த இல்லத்தில் தாயர், மக்கள், உடன்பிறந்தார், பணிசெய்வோர் ஆகிய யாவரொடும் பழகினார். பாட்டில் கேட்ட அன்பு வீட்டில் எவ்வாறு வழங்குகின்றது என்று உற்று நோக்கலானார். திருக்கோவையார் எட்டாந் திருமுறையுட் சேர்ந்தது. நானூறு பாடல்களும் இருபத்தைந்து கிளவிக் கொத்தும் உடையது. பேராசிரியர் உரை பெற்றது. அகத்துறைக் காதலும் பேரின்பப் பொருளும் ஒன்றையொன்று விடாது நிற்கும் அந்நூலை வாயிலாகக் கொண்டு ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை அறியத் தொடங்கியது இவ்வாராய்ச்சியின் தனிச்சிறப்பாம். வினாப்பட்டியைக் கையிற் கொண்டு வீடுதோறும் சென்று விடையெண்ணி வரும் முறையினும் இம்முறை சாலவும் மேம்பட்டது என்பதில் ஐயமின்று.

அம்மையார் அவ்வில்லத்தார் சொல்லிலும் செயலிலும் அன்பு கொள்ளும் வடிவங்களைத் தொகுத்து, அவற்றை அன்பின் குணங்களாக வகுக்கின்றனர். அடக்கம், பழக்கம், கடுமை, கொடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை, மேலோர் கீழோராகவும் கீழோர் மேலோராகவும் நிலைமாறுதல், கலத்தல், மயக்கம் முதலியன அவ்வகையின. அன்பினை இனிமை யொன்றானே அளந்து பழகியோர்க்கு இப்பட்டியல் வியப்பளிக்கும். கொடுமையும் அழுக்கும் அன்பின் குணமாதல் யாங்ஙனம் என்று அன்னோர் வினவுவர்.

அவ்வினாவிற்கு விடை தேடுவார் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் வழியில், அரங்குளநாதர் திருக்கோயிலைச் சூழ்ந்து அமைந்த திருவரங்குளத்தையே எடுத்துக்கொள்க. தமிழ்நாட்டின் பிற சிற்றூர்களிற் போலவே இப்பகுதியிலும், குழந்தையைப் பிறர் அழகிதெனப் புகழின் பாட்டி உடனே மறுத்துக் கூறுவள். கன்னத்திலும் உள்ளங்காலிலும் மையிட்டு அழகைக் குறைப்பள். பிள்ளைகளை இழந்த வீட்டில் பின்னர்ப் பிறந்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டு, தமக்கு வேண்டாததொன்று போலக் காட்டுதலும் பண்டை வழக்கு. பெற்ற தாயின் கண்ணேறே பிறர் கண்ணேற்றினும் பொல்லாதது என அஞ்சும் தாயரும் உளர். தன் எச்சில் பட்டதை மகவு உண்ணவும், மகவின் எச்சிலைத் தான் உண்ணவும் தாய் கூசாள். பிறரிடத்து அழுக்கென விலக்கியது ஈண்டு உறவாகின்றது. இவற்றை நோக்கின், அடக்கம், எளிமை, அழுக்கு என்பனவற்றை அம்மையார் வெறுங் கற்பனையாற் கூறினாரல்லர் என்பது தெளிவாம்.

முறைமணம் பற்றி அவர் கூறுவதும் அத்தகையதே. உடன்பிறந்தாளை மணஞ்செய்து அனுப்பிய தமையன், அப்பிரிவினை முற்றும் ஏலாதவனாய், தன் மகனையும் அவள் மகளையும் மணத்தால் இணைத்து அறுந்த உறவை மீண்டும் முடிய விழைகின்றான். அவ்விழைவும் முற்ற நிறைவேறுவதில்லை. அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. உறவுமுறை நிலைபெறுதற்குக் காரணம் அது ஆசையை நிறைவேற்றுதல் அன்று, நிறைவேறாத ஆசையை இடையறாது வளர்த்தலே என்பது அவர் துணிபு. உறவுமணம் முன்போல் நிகழாத இக்காலத்தும், தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துதலும், மாமன் சீர் வரும்வரை சடங்கு காத்து நிற்றலும் இத்துணிபிற்குச் சான்றாகும். சொத்துச் சிதறாமைப் பொருட்டே முறைமணம் தோன்றிற்று என்று கணக்கிட்டுக் கூறுவாரினும், பிரிவாற்றாமையை அதன் வேராகக் கண்ட இவர் ஆழமாகக் கண்டனர் என்றே கூறல் வேண்டும்.

இனி, ஆராயற்பாலன சில உள. அவற்றுள் முதலாவது, அடக்கம் அன்பின் குணமாமோ என்பது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் ஒரு பொருளின் இயல்பைப் பொதுவியல்பு எனவும் தன்னியல்பு எனவும் இரண்டாகப் பகுத்து, பிற இனத்தை நீக்கித் தன்னினத்துக்கு ஒப்ப நிற்பது முன்னையது என்றும், தன்னினத்தையும் நீக்கித் தனக்கே உரியதாக நிற்பது பின்னையது என்றும் உணர்த்துவர். அம்முறையான் நோக்கின், மறைத்தல் அன்புடையார்க்கே உரியதன்று. பொருளுடையானும் தன் பொருளை மறைப்பன். ஆண்டு மறைத்தல் பொருளின் குணமாகாது, இழப்பை அஞ்சும் அச்சத்தின் செயலேயாம். அவ்வாறே தாய் மறைத்தலும் அன்பின் குணமன்று. அன்புக்குரிய பொருள் கெடுமோ என்னும் அச்சத்தின் செயலாம். எனவே, இவ்விலக்கணம் பிறிதிடத்துஞ் சேறலின் அதிவியாத்தி யென்னுங் குற்றமுடைத்து. தாலாட்டும், முத்தம் வேண்டலும், பிள்ளையை முன்னின்று அழைத்தலும் ஆகிய வெளிப்படையான அன்புச் செயல்களை உள்ளடக்காமையின் அவ்வியாத்திக் குற்றமும் உடைத்து. அன்பினை அடைத்துவைக்கும் தாழ் இல்லை யென்றும், அன்புடையார் கண்ணீரே அதனைப் பலரறியச் செய்துவிடும் என்றும் திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்துக் கூறிய கருத்தும் இதற்கு அரணாகும். மெய்யின்கட் படுதலின் அன்றோ உணர்ச்சிக்கு மெய்ப்பாடு என்னும் பெயர் வந்தது.

அற்றேல், அம்மையார் இலக்கணங் கூறப் புகுந்தாரல்லர், வழக்கினை உரைக்கப் புகுந்தாரே; அவர்பால் அளவை நூற் குற்றம் ஏற்றுதல் தகுமோ எனின், ஒருபுடை அது பொருந்தும். குறிப்புகள் என்று நூற்குப் பெயரிட்டமையே அவர்தம் அடக்கத்தைக் காட்டும். ஆயினும், வழக்கினைத் தொகுத்து உரைப்பார், ஒருவர் அன்பினாற் செய்வதையும் அன்போடு கூடிய அச்சத்தாற் செய்வதையும் வேறுபடுத்திக் காட்டாராயின், அயல்நாட்டார் இரண்டனையும் ஒன்றெனவே கொள்வர். அன்றியும், இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று, வீட்டளவில் பெரும்பயன் விளைப்பது. இதனைக் கடுமை, கொடுமை என்பனவற்றிற் காணலாம்.

குழந்தையை அடித்த தாய், அன்பினால் அடித்தேன் என்பள். மாணவனைப் பிரம்பால் அடித்த ஆசிரியர், அவன் மேன்மை கருதி அடித்தேன் என்பர். மருமகளை வாட்டும் மாமியாரும், இல்லத்தின் நன்மை பற்றியே கண்டித்ததாகக் கூறுவர். இச்சொற்களை எல்லாம் கேட்டவாறே பதிவு செய்தல் ஆராய்ச்சியாளர் உரிமை. ஆனால், செய்தார் கூற்றை மட்டும் கொண்டு கொடுமையை அன்பின் குணமென நிறுத்தின், பட்டார் கூற்றுக்கு இடம் யாண்டு உளது? அடிபட்ட குழந்தைக்கு அது அன்பாகத் தோன்றிற்றா, அச்சமாகத் தோன்றிற்றா என்னும் வினாவே ஈண்டு முதன்மையானது. தமிழ் இல்லங்களும், தமிழ் கற்பித்த திண்ணைகளும், மடங்களின் பாடசாலைகளும் இவ்வினாவை நெடுங்காலம் எழுப்பாதிருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிற் பிள்ளைகளை அடித்தலையும் உள்ளத்தை வருத்துதலையும் விலக்கிற்று. நூலோர் சொல்லியிருக்கற்பால தொன்றைச் சட்டஞ் சொல்ல நேர்ந்தது.

கண்ணப்பர் தம் கண்ணை அகழ்ந்ததும் சிறுத்தொண்டர் தம் மகனை அரிந்ததும் கொடுமை யல்லவோ, அவை அன்பெனப்படவில்லையோ என்று தடை நிகழ்த்துவாரும் உளர். கண்ணப்பர் செயலில் வருத்தம் தம்மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, பிறர்மேற் சுமத்தப்பட்டதன்று. ஆதலின் அது ஈண்டைக்கு எடுத்துக்காட்டாகாது. சிறுத்தொண்டர் செயல் கற்பார் நெஞ்சை நடுக்குவதே. ஆன்றோர் அதனை வன்றொண்டு எனப் பிரித்து வைத்தமையே, அது இல்வாழ்வார் பின்பற்றும் விதியன்று என்பதை அறிவுறுத்தும். இறுதியில் மகன் மீண்டு வரக் காட்டிய சேக்கிழார், அம்மகனை அழிந்தொழிய விட்டாரல்லர் என்பதும் நினைக்கத்தகும். எனவே, புராணத்து அருஞ்செயலைக் காட்டி வீட்டுக் கொடுமையை அன்பென்பார் சைவத்தையும் அறியார், அன்பையும் அறியார் என்க.

இரண்டாவது ஆராயற்பாலது பழக்கம் என்பது. ஒருவரோடு பலகாற் பழகுதலானே அன்பு வளரும் என அம்மையார் கண்டது, உளவியலாரின் பிணைப்புக் கொள்கையொடு ஒருவாற்றான் ஒத்துச் செல்கின்றது. இங்கிலாந்து நாட்டு ஜான் பவுல்பி என்னும் மருத்துவ அறிஞர் 1969 முதல் 1980 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலில், குழந்தை தன்னைப் பேணுவாரொடு கொள்ளும் பிணைப்பே பிற்கால உறவுகட்கு அச்சாக அமைகின்றது என்று நிறுவினர். அவரொடு பணியாற்றிய மேரி ஐன்சுவொர்த் அம்மையார் முன்னர் உகாண்டா நாட்டில் தாயரையும் சேய்களையும் நேரிற் கண்டு ஆராய்ந்தவர். பின்னர் அமெரிக்காவில் ஒரு சோதனை முறையையும் வகுத்தனர். ஏறத்தாழ ஓராண்டு நிரம்பிய குழந்தையைத் தாயொடு புதியதோர் அறையில் இருத்தி, தாயைச் சில நிமிடங்கள் அகலச் செய்து, அவள் மீளும்போது குழந்தை ஓடி அணைகின்றதா, முகந் திருப்புகின்றதா, அணைந்தும் ஆறாது சினக்கின்றதா என்று நோக்கி, பிணைப்பின் வகையைத் துணிவது அம்முறை.

இச்சோதனையைப் படிக்குந் தமிழர்க்குச் சீகாழிப் பிரமதீர்த்தக் கரை நினைவுக்கு வருதல் இயல்பே. மூன்றாண்டு நிரம்பிய பிள்ளையாரைக் கரையில் இருத்தித் தந்தையார் சிவபாத இருதயர் நீருள் மூழ்குகின்றார். தந்தையாரைக் காணாத பிள்ளையார் திருத்தோணிச் சிகரம் நோக்கி அம்மையையும் அப்பனையும் அழைத்து அழுகின்றார். மீண்டு கரையேறிய தந்தையார் குழந்தையின் வாயிற் பால் வழிதல் கண்டு வெகுண்டு, சிறுகோல் ஓச்சி, தந்தவரைக் காட்டுக என்கின்றார். குழந்தை ஓடி அணையவில்லை, முகந் திருப்பவில்லை, சினக்கவுமில்லை. கைந்நீட்டிச் சுட்டிக் காட்டிற்று. அருள் நிகழ்ச்சியைச் சோதனைச் சாலையின் அளவுகோலால் அளத்தல் கூடாது என்பது உண்மையே. எனினும், இருவருக்கிடையே உள்ள கயிறாக மட்டும் பிணைப்பைக் கருதுவார், மூன்றாவதொன்றை நோக்கி எழும் உயிரின் ஆற்றலை எங்ஙனம் எண்ணுவர் என்னும் வினாவை அந்நிகழ்ச்சி எழுப்புகின்றது. இதற்கு உலகியல் முறையான ஒப்பும் உண்டு. டிராவிக் அம்மையார் கண்ட இல்லத்திற் குழந்தை ஒருத்தி கையில் மட்டும் வளரவில்லை. பெரியதாய், சிற்றன்னை, பாட்டி, அத்தை எனப் பல கைகள் மாறின. திருவரங்குளம் போன்ற ஊர்களில் தாய் வயலுக்குச் சென்றால் குழந்தைக்கு அறை புதிதாவதில்லை, மடிதான் மாறும். அங்ஙனம் வளர்ந்த குழந்தையின் உள்ளத்தை ஓர் அறை, ஒரு தாய், சில நிமிடங்கள் என்னும் எல்லையுள் துணிதல் அரிதாம். கலத்தல், மயக்கம் என்று அம்மையார் கூறிய குணங்கள் இவ்விடத்து மிக்க பொருளுடையவாய் நிற்கின்றன.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபுகளுள் ஒன்று. சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்துக் கூறப்படும் உவமையில், அரசன் மகன் வேடர் நடுவில் வளர்ந்து தன்னை வேடனாகவே கருதுகின்றான். வளர்த்தார் தன்மை வளர்வார்க்கு ஏறும் என்னும் பவுல்பியின் கொள்கைக்கும் இதற்கும் இவ்வளவில் மாறுபாடின்று. ஆயின் மெய்கண்டார் அவ்விடத்து நில்லாது, அவனை உணர்த்துவார் ஒருவர் வந்துழி அவன் தன்னை அறிந்து வேடரை விட்டு நீங்குதலையும் உடன் கூறினர். இளமையிற் பெற்ற வடு இறுதிவரை ஊழாக நிற்கும் என்னும் முடிபினை அவர் கொள்ளாமைக்கு இதுவே சான்று. உளவியலாரும் பின்னர் இதனை ஒருவாறு கண்டனர். இளமையில் துன்புற்று வளர்ந்தோருள்ளும் சிலர், தம் வரலாற்றைத் தெளிவாக எண்ணிச் சொல்லும் ஆற்றல் பெற்று, தம் மக்கட்கு உறுதியான புகலிடமாக அமைகின்றனர் என்பதை மேரி மெயின் என்னும் அம்மையார் வழிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. தன்னை அறிதல் தளையை நெகிழ்க்கும் என்பது இரு சாரார்க்கும் உடன்பாடாயிற்று.

மூன்றாவது, பருவங்களைப் பற்றியது. எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட நூலில் மக்கள் வாழ்நாளை எட்டுப் படிகளாகப் பகுத்து, ஏழாவதில் அடுத்த தலைமுறையைப் பேணும் விருப்பினையும், எட்டாவதில் வாழ்ந்த வாழ்வை முழுமையென ஏற்கும் அமைதியினையும் வைத்தனர். தமிழ்ப் பாட்டியல்களோ மகளிர் பருவத்தைப் பேதை முதலாக ஏழெனக் கொண்டு, நாற்பதாண்டிற் பேரிளம்பெண்ணொடு நிறுத்தின. அதன்பின் அவள் வாழவில்லை போலும்! காண்பார் கண்ணுக்கு இனியளாம் அளவே பருவம் எண்ணப்பட்டமையின் நேர்ந்த குறை இது. மெய்ப்பாட்டியலும் மூப்பினை இளிவரலின் நிலைக்களமாகவே வைத்தது. இவ்வளவில் தமிழ் நூன்மரபு புதிய ஆராய்ச்சியினிடம் கற்கவேண்டுவது உண்டு. அமெரிக்க உளவியலாராகிய லாரா கார்சுடென்சன் அம்மையார், முதியோர் தொலைவான தொடர்புகளைக் குறைத்து நெருங்கியோரையே நாடுகின்றனர் என்றும், அதனால் அவர் உள்ளம் பலகால் இளையோர் உள்ளத்தினும் அமைதியுறுகின்றது என்றும் கண்டனர். முதுமை வெறும் இழிவன்று என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், சுருங்குதல் ஒன்றே முதிர்ச்சியாமோ எனின், அற்றன்று. தொடர்புடையார் மாட்டுச் செல்வது அன்பென்றும், தொடர்பு பற்றாது எல்லா உயிர்மேலும் செல்வது அருளென்றும் பரிமேலழகர் வரையறுத்தனர். அன்பு ஈன்ற குழவியே அருள் என்பது வள்ளுவர் கருத்து. வட்டம் சிறுகுதலும் அன்பு விரிதலும் ஒருங்கு நிகழலாம் என்பதற்குத் திருநாவுக்கரசர் வாழ்வே சான்று. முதியராகிய அவர் திருப்பூந்துருத்தியில், பேரன் அனைய பிள்ளையாரின் சிவிகையைத் தாங்குவார் கூட்டத்துட் புகுந்து தாமும் தாங்கினர். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, அடியில் நின்று விடையிறுத்தனர். மேலோர் கீழோராய் நிலைமாறுதலும் அடிமையும் அன்பின்பாற்பட்டன என்று டிராவிக் அம்மையார் கூறியது, இவ்விடத்து முழுதும் மெய்யாகின்றது. ஆயின் அவ்வடிமை பிறரால் திணிக்கப்பட்டதன்று; அறிந்து விரும்பி ஏற்கப்பட்டது. இவ்வொரு வேறுபாட்டை நூல் இன்னும் அழுத்தமாக உரைத்திருப்பின், வீட்டிற் பணிசெய்வார் வேறு வழியின்றிப் பணிதலும், அன்பர் மகிழ்ந்து பணிதலும் ஒன்றென மயங்குதற்கு இடமிராது.

தொகுத்து நோக்குமிடத்து, அம்மையார் நூல் தமிழர் வாழ்வை இழித்துக் கூறுவதன்று. உண்மையான பழக்கத்தாற் பிறந்தது. தமிழரே பேசாது விட்ட பலவற்றைப் பேசுவது. அன்பையும் அதனொடு ஒட்டிய அச்சம், பற்று, ஆதிக்கம் என்பவற்றையும் ஒரே பெயரால் வழங்கியது அதன் குறை. அக்குறை அவர்க்கு மட்டும் உரியதன்று. அவர் கேட்டறிந்த இல்லத்தாரும், ஏனைத் தமிழரும் அவ்வாறே வழங்குகின்றனர். ஆகலின், நூலைத் திருத்துதற்கு முன்னர் வழக்கினைத் திருத்துதல் வேண்டும். குழந்தைமேல் கை ஓங்கும்பொழுது, இது அன்போ, தன் அச்சமோ, தன் ஆதிக்கமோ என்று ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று வினவுவாராயின், அதுவே இவ்வாராய்ச்சி தமிழ்நாட்டிற்குத் தரும் பெரும்பயனாம். திருக்கோவையார் பயிலும் இளம் புலவர் இந்நூலையும் அருகில் வைத்துப் பயில்வாராக. பாட்டின் பொருள் வீட்டிலும், வீட்டின் பிழை பாட்டிலும் விளங்கக் காண்பர்.